வெள்ளைக்கார வாத்தியாரின் டம்ளர்

பீளமேட்டுக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கச் சீமையிலிருந்து வந்த அந்த இளம் வாத்தியார், எங்கள் முன்னறையில் ஒரு வருஷம் குடியிருந்தார். வைக்கோல் நிறத் தலைமுடி. எங்கள் வீட்டு நிலையில் தினமும் இடித்து இடித்து நெற்றி எப்போதும் சிவந்திருக்கும்.

டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பது இங்கே மரியாதையில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காப்பியை அண்ணாந்துதான் குடிப்பார். பாதி வாய்க்குப் போகும், மீதி சட்டைக்கு.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவருக்கென்று பீங்கான் கோப்பை வாங்கிவந்தார். வாத்தியார் தொடவில்லை. கூச்சப்படுகிறார் போலிருக்கிறது, குடித்துக் காட்டுவோம் என்று இவரே அதில் குடிக்க ஆரம்பித்தார். மில்லில் இரும்பு பிடித்த விரல் கோப்பையின் காதுக்குள் நுழையுமா? வேட்டியெல்லாம் காப்பி.

இரண்டையும் துவைக்கிறவள் நான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க தம்பி, பேசாம வாய் வெச்சே குடிங்களேன்."

"அண்ணன் எனக்காகக் கோப்பையில குடிக்கறாருங்க அக்கா. நான் வாய் வெச்சா மரியாதைங்களா?"

இவரிடம் திரும்பினேன். "நீங்களாச்சும் டம்ளர்ல குடிங்க."

"ஏம்புள்ள, அவரே நமக்காக டம்ளர்ல குடிக்கறாரு. நான் கோப்பையை உட்டுப்போட்டா நல்லாவா இருக்கும்?"

மரியாதை அவர்களுக்கு, சோப்பு எனக்கு.

வாத்தியார் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், நிம்மதியாக டம்ளரில் காப்பி கொடுத்தேன். இவர் அண்ணாந்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது. காப்பி மூக்கில் ஏறி வேட்டியில் இறங்கியது.

சீமையில் அவரும் இந்நேரம் கோப்பையைத் தூக்கி அண்ணாந்துகொண்டிருப்பார். அந்தச் சட்டையை எவள் துவைக்கிறாளோ, பாவம்.