ஆத்தா கொடுத்த தண்டனை அல்ல

வெட்கத்தால் ஆறு வருஷம் தள்ளிப்போட்ட கடிதம் இது.

கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் செய்பவன் நான். மதுரைக்கு நெல் விற்கப் போனபோது, ஒரு தடவை, போகக்கூடாத வீட்டுக்குப் போனேன். ஒரு வாரத்தில் மறைவிடத்தில் நீர்க்கொப்புளங்கள் வந்தன. மனைவியிடம் உடற்சூடு என்றேன். ஆறின, சில மாதத்தில் திரும்பவும் வந்தன.

பிறகு அவளுக்கும் வந்தது. எரிச்சலில் அழுதாள். "தீட்டோட சாமி விளக்கத் தொட்டுட்டேன் போல. ஆத்தா தண்டிச்சுட்டா" என்றாள். பதினொரு செவ்வாய்க்கிழமை ஒருபொழுது இருந்து, காய்ச்சலோடும் ஈரச்சேலையில் அம்மன் கோயிலைச் சுற்றினாள். நான் மஞ்சள்நீர்ச் செம்போடு பின்னால் நடந்தேன்.

அவள் மயங்கி விழுந்த அன்றுதான் மதுரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"முதல்ல உமக்குத்தானே வந்துச்சு?"

"ஆமாங்கய்யா."

"இது ஒட்டுற நோய். வேரோட போகாது, வந்து வந்து போகும். அரிப்பு தெரிஞ்சதுமே விலகிப் படுத்துக்கும். புண் முழுசா ஆறுற வரைக்கும் சேராதீர். பிரசவ சமயத்துல டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடணும்."

திரும்பும் வண்டியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆத்தாகிட்ட அம்புட்டு மன்னிப்புக் கேட்டேன். நீங்க பக்கத்துலதான நின்னீக?"

இப்போதெல்லாம் லேசாக அரித்தாலே அவளிடம் சொல்லிவிட்டுத் தனியே படுக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒருபொழுது நான் இருக்கிறேன்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரியையும் மாற்றாமல் சொல்லுங்கள்.