தம்பியின் கடிதத்தை அச்சில் போட்டேன்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். சோவியத்திலிருந்து பிரிந்துபோன ஒரு நாட்டில் தம்பி டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் கடிதம் வந்தால் பெருந்துறையில் எங்கள் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடிவிடும். அப்பா உரக்கப் படிப்பார்.

அந்த ஜனவரியில் மட்டும் கடிதம் என் ஆபீசுக்கு வந்தது. விடுதியில் ஹீட்டர் ஓடவில்லை, மூன்று பேர் ஒரே கம்பளிக்குள் தூங்குகிறோம், அதை எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையை மறுநாளே பூட்டி சீல் வைத்துவிட்டார்கள் என்றிருந்தது. 'இங்கே சுதந்திரம் வந்துவிட்டதாம் அக்கா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.'

எனக்குக் கொதித்தது. சுதந்திரமாம், சுதந்திரம்! நம் ஊரில் எவன் வந்து பூட்டப்போகிறான் என்று கடிதத்தை அப்படியே அச்சில் போட்டேன், அவன் போட்டோவோடு. நம்மூர்ப் பையன் என்றால் போட்டோ இல்லாமல் செய்தி போடுகிற வழக்கமே எங்களிடம் இல்லை. அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாணவர்களை அங்கே அனுப்புகிற ஏஜெண்டு வழியாகச் செய்தி கல்லூரிக்குப் போய்விட்டது. இரண்டே வாரத்தில் தம்பி போனில் அழுதான். மறுப்பு வராவிட்டால் நீக்கிவிடுவார்களாம். கடைசி வருஷம் அவனுக்கு.

அப்பா பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏன் அம்மணி, அவன் படிப்பைக் கெடுத்துப்போட்டியே! எல்லாம் நல்லா இருக்குதுன்னு எழுதிப்போடு கண்ணு."

"அது பொய்யுங்கப்பா."

"பொய்யோ நெசமோ, அவன் டாக்டராயி ஊடு வந்து சேரட்டும்."

எழுதினேன். வெதுவெதுப்பான அறை, அன்பான பேராசிரியர்கள். எங்கள் ஆசிரியர் ஒரு வார்த்தை வெட்டவில்லை. எந்தப் போலீசும் வரவில்லை, எந்த அரசாங்கமும் என் கையைப் பிடிக்கவில்லை. அப்புறம் என்னைத் தடுத்தது யார்? அங்கே இருக்கிற அதிகாரியா, அப்பாவா, நானா? எத்தனையோ நாள் மண்டையைக் குடைந்தும் பிடிபடவில்லை. தம்பி அப்போதைக்குத் தப்பினான்.

ஜூனில் ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கையில் நான் எழுதிய மறுப்பு, நாலாய் மடித்து.

"உங்க தம்பி படிக்கற காலேஜுக்குத்தானுங்க அனுப்பறேன். நீங்க எழுதுனதை நம்பித்தானுங்க. அங்க குளிருக்கு ஒண்ணும் பயமில்லீங்களே?"

தம்பிக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பயமில்லீங்க" என்றேன்.