நகக்கண்ணில் இருந்த கறுப்பு

இன்று காலை எங்கள் நாயின் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தபோது விரலுக்கு முடி தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தேன். பொட்டு அளவுக்கு வழுக்கை. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், துணியை அலசிப் பிழிந்துவிட்டு வந்து பார்த்தேன். பார்த்தால் முடி முளைத்துவிடுமா? கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள் வைத்திருக்கும் கண்ணாடித் துண்டை எடுத்தேன். விரல் நீளம் இருக்கும்; ஒரு முனை உடைந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பது அப்படியே தெரியும், வேறொன்றும் தெரியாது. ஆனாலும் பிடித்துப் பார்ப்பேன்.

அது டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக் கண்ணாடி. எங்கள் கடற்கரை ஊரின் மாட்டாஸ்பத்திரியில் நான் கூட்டிப் பெருக்கி, வெந்நீர் வைக்கும் வேலை பார்த்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆள் முகம் பார்த்துப் பேச வராது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வேர்த்துவிடும். டாக்டரம்மா கமுதிப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். இராமநாதபுரத்தில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வருவார். கடலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அதற்கு முதுகு காட்டித்தான் நாற்காலி போட்டுக்கொள்வார்.

நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசுவார்கள்: "சொறிக்கு ஒரு ஊசி போடுங்கம்மா." அவருக்குச் சுர்ரென்று ஏறும். "சொறின்னு நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு இங்கன ஒக்காந்திருக்கேன்? எங்கன கொட்டுது, அரிக்குதா, என்ன திங்குது, எதுல படுக்குது, அதைச் சொல்லுங்க மொதல்ல." வாலடியில் மட்டும் முடி போயிருந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கும் என்பார். வட்டம் வட்டமாகப் போயிருந்தால் படர்தாமரையோ என்று சந்தேகப்பட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளின் கையையும் திருப்பிப் பார்ப்பார். ஒருவருடைய நாய்க்குக் கழுத்தைச் சுற்றி வளையம்போல் வழுக்கை. நோயே இல்லை, நைலான் வலைக்கயிற்றில் கட்டிப்போட்டு உராய்ந்தது. "கயித்த அவுத்துவிட்டா தானா முளைக்கும். வலையில நாயத்தான் புடிச்சீகளா?" என்று கேட்டார், வாசலில் ஆட்டோடு நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு கிழ நாய் அரிப்பே இல்லாமல், இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, ஊதிப்போய் வந்தது. அது உள்ளே சுரக்கிற நீர் குறைவதால் வருவதாக இருக்கலாம், மேலே எதைப் பூசினாலும் நிற்காது என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். எதையும் முடிவாகச் சொல்லுமுன் மழுங்கிய பிளேடால் தோலைச் சுரண்டி, எண்ணெய்ச் சொட்டு விட்ட கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கூடவே ஒரு கேள்வி: "என்ன தடவுனீக?" ஒன்றும் தடவவில்லை என்பார்கள்.

தடவியிருப்பார்கள். எங்கள் கரையில் சொறிக்கு மருந்து, படகு எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயில்தான். கன்னங்கரேலென்று இருக்கும். அது விஷம், நாய் நக்கினால் உள்ளே போகும் என்று டாக்டரம்மா தொண்டை கிழியச் சொல்வதைத் தினமும் கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தும் என் செவலைக்கு நானே தடவினேன்.

செவலை அப்போது எங்கள் வீட்டு நாய். காது ஓரம், முழங்கை, கண்ணைச் சுற்றி என்று முடி போய், ஓயாமல் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக் கூச்சம். கூட்டுகிறவள் தன் நாயையும் கொண்டுவந்துவிட்டாள் என்று பேசுவார்களோ என்று. "என்ன மதினி, ஆஸ்பத்திரியிலயே வேல பாக்குறீக, நாயி இப்புடித் தோலுரிஞ்சு கெடக்கு? ஊரே சிரிக்குது" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தனார் தன் படகு ஆயிலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாள் தடவினேன். மூன்றாம் நாள் காலை வாந்தி. எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கியது. அந்த நேரத்திலும் நான் செய்த முதல் காரியம், ஆயில் தெரியக்கூடாதென்று செவலையைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசியது. பிறகுதான் மீன்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா சுரண்டிப் பார்த்தார். "பூச்சி இருக்கு. ஆனா அதுக்கு வாந்தி வராதே. அக்கா, எதையும் தடவுனீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் கரை நாய்கள் எல்லாமே படகு நிழலில் படுத்து டீசல் வாடைதான் அடிக்கும். வாடையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கெட்ட மீன் தின்றிருக்கும் என்று அதற்கு மருந்து எடுக்கத் திரும்பினார். செவலையின் வயிறு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. சொல்லாவிட்டால் அது போய்விடும் என்று தெரிகிறது, வாசலில் ஆட்டோடு இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். இரண்டு கைகளையும் அவர் முன்னால் மேசைமேல் விரித்து வைத்தேன். பத்து நகக்கண்ணிலும் ஆயில் கறுப்பு. சோப்புக்கு அது போகவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எத்தன நாளு?" இரண்டு விரலைக் காட்டினேன். தோலில் மிச்சமிருந்த ஆயிலைத் துடைத்தெடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார், சாப்பிடாமல் பக்கத்திலேயே நின்றார். திட்டவில்லை. சாயங்காலம் செவலை தண்ணீரை நக்கிய பிறகுதான் பேசினார்: "நீங்களே எங்கிட்டச் சொல்லலேன்னா ஊருல வேற யாருக்கா சொல்லுவாக?" பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். வட்ட வெளிச்சத்துக்குள் நண்டுக்குஞ்சு மாதிரி ஒன்று காலை ஆட்டியது. "எட்டுக் காலு இருக்கும், எண்ணுங்க." எண்ண முடியவில்லை, கண்ணில் தண்ணீர். அன்று குப்பையில் கிடந்த உடைந்த கண்ணாடிதான் இது.

மறுநாளிலிருந்து "என்ன தடவுனீக?" என்று கேட்பதை என்னிடம் விட்டுவிட்டார். நாயோடு வந்தவர்களைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய், "நானும் தடவுனவதான்" என்று மெதுவாகச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்களும் சொல்வார்கள். செவலைக்கு மருந்து மேல் மருந்தாகக் கொடுத்ததில் முடி மெல்ல மெல்ல வந்தது. மாற்றலாகி டாக்டரம்மா போன அன்று பஸ் வரைக்கும் போனேன். சொல்ல நினைத்ததைச் சொல்லுமுன் பஸ் கிளம்பிவிட்டது. சொல்லாதது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.

கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மருமகளைக் கூப்பிட்டேன். "நாய்க்கு ஏதும் தடவுனியாத்தா?"

"இல்லத்தே." முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பினாயில் வாடை. இன்று வீட்டில் யாரும் தரை துடைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில கேப்பாக. நாந்தான் தடவுனேன்னு சொல்லிக்கிறேன். எதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லு."

கையை முந்தானையிலிருந்து எடுத்தாள். "பினாயிலுத்தே. தண்ணி கலக்கல."

கண்ணாடித் துண்டைச் சேலை மடிப்புக்குள் திரும்ப வைத்தேன். அவசரத்தில் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே விட்டுவிட்டு நாயைத் தூக்கினேன்.