மூச்சு விட டோக்கன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவோம். பக்கத்தில் உட்காரும் அக்கா, குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். லைனிலும் அடுத்த மிஷின் அவருடையதுதான்.

ஒரு காலை, தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினார். யூடியூபில் யாரோ போட்ட பாட்டு. சினிமாப் பாட்டு இல்லை. ஏதோ ஒரு கிரகம். அங்கே மூச்சு விடவும் டோக்கன் வாங்க வேண்டும். எல்லோரும் முகமூடியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் முகமூடியைக் கழற்றி வீசுகிறாள். அந்த இடத்தில் இசை நின்று ஒரு நீண்ட மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அது கடைசி மூச்சா, முதல் மூச்சா? எனக்குப் பிடிபடவில்லை. அவள் செத்திருப்பாள் என்றேன்.

"காத்து எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கும். டோக்கன் விக்கிறவன்தான் இல்லன்னு சொல்லியிருப்பான்" என்றார் அக்கா.

பல நாள் பஸ்ஸில் இதே பேச்சு.

எங்கள் லைனில் பாத்ரூம் போக டோக்கன் உண்டு. சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் வில்லை, ஒன்றே ஒன்று. எடுத்துப்போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. இதையும் பாட்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அது வேறு கிரகம், அவ்வளவுதான்.

ஏற்றுமதி அவசரமாயிருந்த ஒரு நாள் டோக்கன் வெகுநேரம் திரும்பவில்லை. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். டோக்கன் எங்கே என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"டோக்கன் இல்ல சார். போய்ட்டு வர்றேன்."

நடந்தே போய்விட்டார். சூப்பர்வைசர் வெறும் ஆணியைத் திரும்பிப் பார்த்தார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். பயம் இருந்தது. ஆனால் என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்குப் பின்னால் இன்னும் இருவரின் காலடிச் சத்தம் கேட்டது.

மதியம் எங்களை ஆபீஸுக்கு அழைத்தார்கள். யார் தூண்டிவிட்டது, எந்தச் சங்கம் என்று எச்.ஆர். மேடம் விசாரித்தார். ஒரு பாட்டு என்றார் அக்கா. லாக்கரிலிருந்து போனை எடுத்துவரச் சொல்லி மேடம் முழுப் பாட்டையும் கேட்டார். மூச்சுச் சத்தம் வந்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"அப்போ அவ செத்துட்டாளா?"

எச்சரித்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் டோக்கன் இரண்டானது. பிறகொரு நாள் ஆணியில் எதுவுமே இல்லை. யாரும் அதைப் பற்றி அறிவிக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவள் செத்தாளா, பிழைத்தாளா என்று யூடியூபில் பாட்டின் கீழே கேள்வி போட்டேன். பாடியவரே பதில் எழுதினார். தான் தங்கிப் படித்த கோச்சிங் ஹாஸ்டலை நினைத்து எழுதினாராம். அங்கே ஜன்னல் திறக்கவும் வார்டனிடம் கேட்க வேண்டுமாம். அந்த மூச்சு, பாடிக் களைத்து அவர் விட்டது. தவறிப் பதிவானதை வெட்ட மனம் வரவில்லை என்றிருந்தார். அவள் கதி என்ன என்று அவரும் யோசித்ததில்லையாம்.

பஸ்ஸில் அக்காவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"அந்தப் புள்ள இப்பவாவது ஜன்னல் இருக்கற வீட்ல இருக்குதான்னு கேளு" என்றார்.

வாணியம்பாடி தாண்டுவதற்குள் டைப் செய்து அனுப்பினேன்.