மில் வாசலில் இறங்கிய விண்கலம்

என் மகள் வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவாள். வேற்றுக் கிரகம், கவசம் போட்ட வீரன், மந்திரக்காரி, எதிரே ஒரு பூதம். ஏதோ விஞ்ஞானக் கதையைப் படித்துவிட்டு எவனோ செய்த விளையாட்டாம். ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆட வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். "இத நாங்க அப்பவே மில்லு வாசல்ல ஆடிட்டோம்" என்றேன். "ஆமாம்பா, நீதான் கண்டுபுடிச்ச" என்று சிரித்தாள். அவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஆடியது நிஜம்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை. போனஸ் தகராறில் நிர்வாகம் கதவை இழுத்து மூடிவிட்டது. இனி சங்கத்தில் இருக்க மாட்டேன் என்று தனியாக வந்து கையெழுத்துப் போடுகிறவன் மட்டும் உள்ளே வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் ஷிப்டில் எங்கள் பகுதிக்கு நாங்கள் எட்டுப் பேர். ஒருத்தன் போனால் மற்றவர்களும் வரிசையாகப் போய்விடுவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். எட்டுப் பேரும் கலையாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்று சங்கத்தில் என் தலையில் கட்டினார்கள்.

முதல் மாதம் கோஷம் போட்டோம். இரண்டாம் மாதம் சீட்டாடினோம், அது சண்டையில் முடிந்தது. மூன்றாம் மாதம் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. மில் வாசலில் போட்ட கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து எதிரே இருந்த இரும்பு கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பப்பா, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஆளைத் தின்கிற வேலை வேறொன்று கிடையாது. நாள் முழுக்க நின்று அறுந்த நூலை முடிச்சுப் போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு அசதி வந்ததில்லை.

அப்போதுதான் மல்லாட்டைக் கடலை கட்டி வந்த பொட்டலத்தில் ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதைத் தாள்கள் கிடைத்தன. பூமியில் தண்ணீர் வற்றிவிடுகிறது. சில பேர் விண்கலம் ஏறித் தண்ணீர் தேடி வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். சத்தம் போட்டுப் படித்தேன். கலம் தரை இறங்குகிற இடத்தில் தாள் தீர்ந்துபோயிற்று.

"அப்பறம் இன்னாபா ஆச்சு?" என்றார்கள்.

"எனக்கு இன்னா தெரியும்? நீங்களே சொல்லுங்க. கதவத் தொறந்து மொதல்ல யாரு எறங்கறது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் எறங்கறேன்" என்றான் என் கூட்டாளி. காட்டேரிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒருத்தன் கலத்துக்குத் தலைவன், ஒருத்தன் வைத்தியன், கூட்டாளி தண்ணீர் பார்க்கிறவன். கதை சொல்வது நான். நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்தோம். எதைச் செய்வதானாலும் உருட்ட வேண்டும். வெள்ளை கூடக்கூட நல்லது. நான்கும் கறுப்பாக விழுந்தால் சாவு.

விண்வெளிக் கதை என்றுதான் பெயர். மூன்றாம் நாளே அந்தக் கிரகத்து எல்லையில் ஒரு முனி வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லை என்று இருந்தால் முனி இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சரிப்படாது. லேசர் துப்பாக்கிக்கு அது அசையவில்லை, எலுமிச்சம்பழத்துக்கு ஓடியது. "நான் சிலுவ போட்டா ஓடாதா?" என்று மாதா கோயில் பங்குக்காரன் ஒருத்தன் கோபித்துக்கொண்டான். "உருட்டிப் பாரு" என்றேன். அதற்கும் ஓடியது.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேரும் விடிந்ததும் வந்துவிடுவார்கள். கூட்டாளியின் மனைவி களை எடுக்கப் போய்த்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. "வூட்டுல தெனிக்கும் பேச்சுதான்டா, கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு. நாளைக்கு அந்தக் கெரகத்துக் கெணறு இன்னா ஆவுதுன்னு பாக்கணுமேன்னு ஓடியாந்துர்றேன்" என்று ஒருநாள் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். சங்கத்துப் பேச்சு சாதிக்காததை என் கதை சாதிக்கிறதே!

பிறகு ஒரு நாள் கதையில் அவன் அந்தப் பாதாளக் கிணற்றில் இறங்கினான். உருட்டினான். நான்கும் கறுப்பு.

"இன்னொரு வாட்டி குடுப்பா, பாவம்" என்றார்கள் மற்றவர்கள். அவன் என்னையே பார்த்தான். அன்றைக்கு எனக்கிருந்த சலிப்பில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. விதியை ஒருத்தனுக்காக வளைத்தால் வாசலில் நிற்பதும் வளைந்துவிடும் என்று பெரிய நியாயம் வேறு. "செத்தா செத்ததுதான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கதையில் இறந்தவனுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று கிளம்பினார்கள். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் மேளமும் ஆட்டமும் இல்லாமல் தீராது. ஒருத்தன் டின்னை அடித்தான், ஒருத்தன் துக்குணியூண்டு சாமந்தி மாலை வாங்கி வந்தான். கூட்டாளியைத் துண்டில் படுக்க வைத்து மூக்கில் பஞ்சு அடைத்தோம். நூற்பாலைக்காரர்களிடம் பஞ்சுக்கா பஞ்சம்! அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். அந்த நேரம் பார்த்துக் கூழ்த் தூக்கோடு அவன் மனைவி வந்து நின்றாள்.

தூக்கு கீழே விழுந்தது. மண்ணை வாரி எங்கள்மேல் தூற்றினாள். "உசுரோட இருக்கற மனுசன மாலையப் போட்டுப் படுக்க வெச்சிக்கினு ஆடுறீங்களே, நீங்கள்லாம் வெளங்குவீங்களா? ஒங்க ஸ்ட்ரைக்கும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!" மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்து அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் மறுநாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்கு வெட்கம். நான்காம் நாள் காலை தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனான், கேட் அவனுக்குத் திறந்தது. "துரோகி!" என்று கத்தியது நான்தான். பத்து நாளில் இன்னும் நான்கு பேர் போனார்கள். சங்கம் சமாதானத்துக்கு இறங்கியபோது கடைசிவரை நின்ற எங்கள் மூன்று பேரை மட்டும் நிர்வாகம் வேலைக்கு எடுக்கவே இல்லை.

அதன் பிறகு ஐந்து வருஷம் அவனோடு பேச்சு கிடையாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனால்தான் கெட்டேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வில்லியனூர் டீக்கடையில் அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. எழுந்து போகலாமென்று நினைத்தேன், அலுப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொண்டாட்டி கத்தினதாலதான ஓடிப் போய்ட்ட?" என்றேன்.

"அவ தெனிக்கும்தான் கத்துவா. அதுக்கா போனேன்?" என்றான். "மறுநா காலைல சைக்கிள எடுத்தேன்டா. அங்க போயி நான் இன்னா பண்றது? ஏழு பேரும் ஆடுவீங்க, செத்தவன் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருக்கணுமா? சைக்கிள அப்படியே நிறுத்திட்டேன்."

அவன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"எனக்கு வேற ஒரு வேஷம் குடுத்திருக்கலாம்லடா?"

கொடுத்திருக்கலாம். எட்டுப் பேரில் ஒருத்தன்கூடப் போய்விடக் கூடாதே என்று இரவும் பகலும் தவித்த எனக்கு அது தோன்றவே இல்லை.