கருவாடு வைத்த பால்குடுவை

யோசேப்பு யாருக்கும் பெரிய கெடுதல் செய்ததில்லை. மன்னார் பேசாலையில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஹம் நகரத்துக் கம்பித் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இயந்திரத்தின் முன்னால் நின்று, முழங்கால் வலியோடு ஓய்வுபெற்ற மனிதர். டிக்கெட் இல்லாமல் ஒரு ரயிலில்கூட ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவரின் நெஞ்சிலும் ஒரு முள் இருந்தது. அதற்குக் காரணம் கருவாடு. சிரிக்காதீர்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு. ஹம் அகதிகள் விடுதியில் அவருடைய அறைத்தோழன் கூயோ. எத்தியோப்பியாவின் தெற்கு மூலையில் மாடு மேய்க்கும் போரானா இனத்தவன். நெட்டையன், பரம சாது. இரண்டு பேருக்கும் சேர்த்துக் குளிருக்கு உருப்படியாக ஒரே ஒரு கோட்டுத்தான் இருந்தது. ஒருவன் வெளியே போனால் மற்றவன் அறைக்குள் இருக்க வேண்டும். போனவன் திரும்பி வந்ததும் கடைத்தெருவில் கண்டதையெல்லாம் கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவான். பிறகு யோசேப்பு எத்தனையோ சோபா வாங்கிவிட்டார். அந்த இரும்புக் கட்டிலில் இருந்து சிரித்த சிரிப்பு அவற்றில் ஒன்றிலும் வரவில்லை. அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

கூயோவின் ஆட்களுக்கு மீன் ஆகாது. பேசாலைக்காரனுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. யோசேப்பு மீன் பொரித்தால் கூயோ பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

அவனுடைய கட்டிலுக்கு மேலே ஆணியில் ஒரு குடுவை தொங்கியது. நாரால் நெருக்கிப் பின்னி, இறுக்கமான மூடி போட்ட குடுவை. சில நாட்களில் அதை எடுத்துத் திறந்து, முகர்ந்து, மூடி வைப்பான். உள்ளே ஒன்றுமே இருக்காது. எதற்காக முகர்கிறான் என்று யோசேப்பு கேட்டதே இல்லை.

ஒருநாள் ஊரிலிருந்து பார்சலில் கருவாடு வந்தது. அன்றே, நாற்றம் என்று யாரோ முறைப்பாடு செய்து, விடுதிப் பொறுப்பாளர் அறை அறையாகத் தேடிக்கொண்டு வந்தார். கூயோ வெளியே போயிருந்தான். யோசேப்பின் கண்ணில் பட்டது அந்தக் குடுவை. நல்ல இறுக்கமான மூடி. கருவாட்டை உள்ளே திணித்து மூடினார். பொறுப்பாளர் மோப்பம் பிடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். தன் கெட்டித்தனத்தை யோசேப்பு தானே மெச்சிக்கொண்டார். பிறகு மறந்தும் போனார்.

மூன்றாம் நாள் கூயோ குடுவையைத் திறந்தான். கத்தவில்லை, திட்டவில்லை. கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “மா... மில்ஷ்” என்றான். அம்மா, பால். அதற்கு மேல் விளக்க அவனிடம் ஜெர்மன் இல்லை. யோசேப்புக்கும் பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்லும் மன்னிப்பு ஒன்றுதான் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த வாரமே கூயோவை வேறு நகரத்துக்கு மாற்றும் கடிதம் வந்தது. குடுவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் போனான். தன் நாட்டில் ஆட்சி மாறியதும் ஊர் திரும்பிவிட்டான் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

போன இலையுதிர்காலத்தில் மாதா கோயில் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. போரானாக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வருகிறாள், சுற்றுலா வருகிறவர்களுக்காக ஊர் மக்களே கூடி நடத்தும் பண்பாட்டுக் கிராமத்தைப் பற்றிப் பேசப் போகிறாள். யோசேப்பு அதை மூன்று தரம் வாசித்தார்.

“இஞ்சரும், நான் போய் அவனைப் பற்றி விசாரிக்கப் போறன். உயிரோட இருந்தா மன்னிப்புக் கேக்க வேணும்.”

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி. முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு கருவாட்டுக் கதையோ?” என்றாள் மனைவி பற்றிமா. ஆனாலும் அவருடைய சட்டையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக் கொடுத்து, தானும் கூடவே போனாள்.

மண்டபத்தில் எண்பது பேர் இருப்பார்கள். தலாசோ என்ற அந்தப் பெண் ஜெர்மனிலேயே பேசினாள். வீடுகளைப் பெண்களே கட்டுவதையும், ஆழக் கிணற்றில் ஆண்கள் ஒருவர் மேல் ஒருவராக நின்று பாடிக்கொண்டே தண்ணீர் ஏற்றுவதையும், விருந்தினர் அவர்களோடு தங்கிப் பழகுவதையும் சொன்னாள். யோசேப்பின் காது வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்ற மூன்றில் சரியானதைப் போட வேண்டும்; அவளோ எல்லாச் சொல்லுக்கும் ‘டெர்’ போட்டாள். பாலுக்கு டெர் மில்ஷ், பசுவுக்கு டெர் கூ. மூன்று விதமாகப் படிக்க எங்களுக்கென்ன விசரா, ஒன்றே போதும் என்று அந்த விடுதியில் இரண்டு பேர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. யோசேப்பு கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

“எங்கள் கிராமத்தில் முதலில் பால்குடுவையைத்தான் காட்டுவோம்” என்றாள் அவள். “வாசனைக் கட்டையால் உள்ளே புகை போட்டிருப்போம். அது தாய்வீட்டு மணம். அப்பா ஜெர்மனியில் இருந்தபோது அவருடைய சிநேகிதன் ஒருவன் அதற்குள் காய்ந்த மீனை வைத்துவிட்டான்.”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பற்றிமா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்பா அவனைக் குறை சொல்லவே மாட்டார். ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தும் அது என்னவென்று நான் அவனுக்குச் சொல்லவில்லையே, சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும் என்பார். வருகிறவர்களுக்கு நாமே சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கிராமத்தைத் தொடங்கினார். ஜெர்மனிக்குப் போனால் கட்டாயம் ஹம்முக்குப் போ என்று என்னை அனுப்பியதும் அவர்தான்.”

யோசேப்பு எழுந்துவிட்டார். “என்னப்பா செய்யிறியள்?” என்று பற்றிமா கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு கிழமையாகப் பாடமாக்கிய ஜெர்மன் வசனம் ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை.

“அந்த மீன்காரன் நான்தான்” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலாசோ மேடையிலிருந்து இறங்கி, கதிரைகளுக்கு நடுவே அவரிடம் வந்தாள்.  வாசலில் எல்லோருக்கும் கொடுத்த சுற்றுலாக் கையேடு அவருடைய கையில் கசங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மெதுவாக உருவி எடுத்தாள்.

“இது உல்லாசப் பயணிகளுக்கு” என்றாள். “அப்பா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார்.”