ஜஹாங்கீரை நீக்கிய காலை

சிலிபின் வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் பிச்சைமுத்து தனியாக இருக்கிறார். காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் மகேந்திரன் ஜொகூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவதும் வராததும் அவன் முதலாளி கையில். ஆள் பேச்சு கேட்காத வீட்டில் தொலைக்காட்சி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த வெறுமைக்குள்தான் ஒரு தத்துவஞானி வந்து சேர்ந்தார். இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில், எதையும் அறிவால் உரசிப் பார் என்று எழுதிய மனிதர். கைப்பேசிக் காணொளி ஒன்றில் அவருடைய பொன்மொழிகளைக் கேட்ட பிச்சைமுத்து சொக்கிப் போனார். அவர் பிறந்து வளர்ந்து, பின்னால் துண்டு போட்டு விற்கப்பட்ட ரப்பர் தோட்டத்தின் பழைய குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதற்கு நிர்வாகி நம்மவர்தான். விடுவாரா? தினமும் காலையில் ஒரு பொன்மொழி, அதன் கீழே இந்தக் காலத்துக்கான பாடம். ஜோசியக்காரனிடம் போகாதே, பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினான் என்று நீயும் வாங்காதே, இப்படி.

பெரும்பாலோர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாய் திறந்து மல்லுக்கட்டியது ஒரே ஆள், ஜஹாங்கீர். தோட்டத்துக் கடைக்காரர் மகன். சிறு வயதிலிருந்தே கூட்டாளி. இப்போது சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எந்தப் பொன்மொழிக்கும் அவரிடம் ஒரு 'ஆனா' இருக்கும். அந்த 'ஆனா'வுக்காகத்தான் பிச்சைமுத்து காலையில் எழுந்தார் என்றே சொல்லலாம். அது அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ஒரு நாள் பாடம், பிடிக்காததைச் சொல்பவனையும் பேச விடு என்பது. உடனே ஜஹாங்கீரின் குரல் பதிவு வந்தது. "ஹாரன் அடிச்சாலும் வழி விடாம லாரி ஓட்டின ஆளு நீ. நீயா எங்களுக்குப் பொறுமையைச் சொல்லித் தர்றே? போ லா, முத்து!"

அன்றைக்கென்று பார்த்து குழுவே சிரித்தது. வாயே திறக்காதவர்கள் எல்லாம் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பிச்சைமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜஹாங்கீரின் பெயரை அழுத்தினார், குழுவிலிருந்து நீக்கினார். பேச விடு என்ற பொன்மொழி மட்டும் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு காலைகள் ஊமையாயின. பாடம் போனது, கட்டைவிரல் வந்தது. ஜஹாங்கீரைத் திரும்பச் சேர்க்கலாம்தான். வீம்பு விடவில்லை. தீபாவளிக்கு எப்படியும் வருவார் என்று காத்திருந்தார். யாரும் அழைக்காமலே வருகிற நாள் அது. ஒரு வருஷம்கூட ஜஹாங்கீர் தவறியதில்லை. மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்பு கிடைத்துவிடும் என்ற நினைப்பு!

தீபாவளிக்கு மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வழக்கம்போல ஹலால் கோழி வாங்கி, ஜஹாங்கீருக்கென்றே வைத்திருந்த தனிச் சட்டியில் சமைத்தார். மத்தியானம் தாண்டியும் வாசலில் செருப்புச் சத்தம் இல்லை. கோபம் வரும் என்று நினைத்தார், வந்தது பயம். இந்த ஒரு மனிதரும் இல்லையென்றால் தனக்கு யார் இருக்கிறார்கள்? கறியை டப்பாவில் அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கடை திறந்திருந்தது. கல்லாவில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஜஹாங்கீரின் மனைவி ஷம்சாத் இல்லை. அங்கே அவரே உட்கார்ந்திருந்தார், தாடியும் மீசையுமாக, பாதியாக இளைத்து.

"வா முத்து, உக்காரு."

"பாய், அக்கா எங்க?"

"அவ மவுத்தாகி ரெண்டு மாசம் ஆச்சு. நெஞ்சு வலின்னா. ஹாஸ்பிட்டல் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பிச்சைமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியலையே!"

"எப்படித் தெரியும்? தோட்டத்துல பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுச் சாவுக்கும் நாம போயிருக்கோம்லா. என் வீட்டுக்குத் தோட்டத்து ஆளுங்க ஒருத்தரும் வரல. நான் யார் நம்பரையும் எழுதி வைக்கல. எல்லாம் அந்தக் குரூப்லதான் இருந்துச்சு."

"எனக்கு அடிச்சிருக்கலாமே பாய்?"

ஜஹாங்கீர் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் நம்பர் மட்டும் எனக்கு மனப்பாடம் முத்து. அவ மய்யித்துப் பக்கத்துல உக்காந்து உன் நம்பரை அழுத்தினேன். வெளிய அனுப்பிட்டியேன்னு நெனப்பு வந்துச்சு. வச்சிட்டேன்."

பிச்சைமுத்து வாய்விட்டு அழுதார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.